ஊக்கை எண்ணுங்கள்: செல் பிரியும் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை டியூஷனில் படிவம் 4 பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். செல் பிரியும் பாடத்தில் மதிப்பெண் போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: மரபணுக்களைத் தாங்கும் டி.என்.ஏ. இழையான குரோமோசோமை எண்ணும்போது.

மனித உடற்செல்லில் 46 குரோமோசோம். பிரிவதற்கு முன் டி.என்.ஏ. இரட்டிப்பாகிறது என்றதும் '92 குரோமோசோம்' என்று எழுதிவிடுகிறார்கள். நான் மேசைமேல் இரண்டு சிவப்பு நூலைச் சேர்த்து வைத்து, நடுவில் ஓர் ஊக்கு மாட்டிக் காட்டுவேன். நூல் ஒவ்வொன்றும் ஒரு குரோமாட்டிட், ஊக்கு சென்ட்ரோமியர். ஊக்கு எத்தனையோ குரோமோசோமும் அத்தனை. ஆகவே இரட்டித்த பிறகும் 46தான், நூல்தான் 92. உடற்செல் தன்னைப் போலவே இரண்டு செல்லாகப் பிரியும் மைட்டாசிஸின் அனாஃபேஸ் கட்டத்தில் ஊக்கு இரண்டாகி, நூல்கள் எதிரெதிர் முனைக்குப் போகும்போதுதான் அந்தச் செல்லுக்குள் 92 குரோமோசோம் இருக்கும். செல் இரண்டானதும் மறுபடி ஆளுக்கு 46.

இந்த இரட்டிப்பு நடக்கும் இடைநிலையை 'ஓய்வு நிலை' என்று எழுதாதீர்கள். செல் வளர்வதும் அப்போதுதான்.

இனச்செல் உருவாகும் பிரிவான மியாசிஸில் வேறொரு தவறு. இரண்டு முறை பிரிவதால் எண்ணிக்கையும் இரண்டு முறை பாதியாகும் என்கிறார்கள். 46, 23, அப்புறம் பதினொன்றரையா? சிவப்பு நூல் அப்பாவுடையது, நீலம் அம்மாவுடையது என்று வையுங்கள். முதல் பிரிவில் சிவப்பும் நீலமும் இணைசேர்ந்து நின்று, ஊக்குக் கழலாமலே ஆளுக்கொரு பக்கம் போகின்றன. 46 அங்கேயே 23 ஆகிவிடுகிறது. இரண்டாம் பிரிவில் ஊக்குத்தான் பிரிகிறது. 23, 23ஆகவே இருக்கும். நூல்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றம் நடப்பது முதல் பிரிவின் தொடக்கக் கட்டமான புரோஃபேஸில், ஒரு சிவப்பு நூலுக்கும் ஒரு நீல நூலுக்கும் இடையில். ஒரே ஊக்கில் இருக்கும் இரண்டு சிவப்பு நூல்களுக்கு இடையில் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

எது எங்கே நடக்கிறது என்பதற்கு நம் பால்மரமான ரப்பர் மரத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. சீவிய பட்டை மறுபடி வளர்வது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் கேம்பியச் செல்களின் மைட்டாசிஸால். கத்தி அதையும் தாண்டிக் கட்டையில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் ரகத்தின் மொட்டை ஒட்டுக் கட்டி வளர்த்தால் அந்த மொட்டிலிருந்து எழும் மரம் முழுக்க அதே 36 குரோமோசோம், அதே மரபணு. இதுவும் மைட்டாசிஸ்தான்.

'அதன் கொட்டையைப் போட்டாலும் அதே மரம்தானே வரும், சார்?' என்று ஒரு மாணவி கேட்டாள். வராது. மகரந்தத்தில் 18, சூல்முட்டையில் 18. மியாசிஸில் கலைத்துப் பங்கு போட்டவை. சேர்ந்தால் 36 வரும், ஆனால் சேர்க்கை புதிது. மறுநாள் அவள் வந்து சொன்னாள், மரம் சீவி ஓய்ந்த அவள் தாத்தாவும் அதையே சொன்னாராம்: 'கொட்டைக் கன்னு ஒன்னு மாதிரி ஒன்னு பால் குடுக்காதும்மா.'