கிராஃபீன் கோட்டிங்: வாங்கும் முன் கணக்கிடுவதும் பானெட்டில் சோதிப்பதும்

கார் பெயின்ட்டின் மேல் பூசுவதற்காக விற்கப்படும் கோட்டிங் பாட்டில்களில், முன்பு "செராமிக்" என்று மட்டும் அச்சிட்டிருந்த இடத்தில் சில ஆண்டுகளாக "கிராஃபீன்" என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. அதோடு விலையும் ஒரு படி ஏறியிருக்கிறது. அந்தக் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை, விற்பவரின் பேச்சையோ புதிதாக வாங்கியவரின் உற்சாகத்தையோ நம்பாமல், கொஞ்சம் கணக்கையும் ஒரு சுருள் மாஸ்கிங் டேப்பையும் வைத்து நீங்களே கண்டறிய முடியும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளியர் கோட்டின் (கார் பெயின்ட்டின் மேலடுக்காக இருக்கும் நிறமற்ற பூச்சு) மேல் பூசும் மெல்லிய படலத்தில் கிராஃபீன் ஆற்றக்கூடிய வேலை மிகச் சிறியது. அந்தப் படலம் நன்றாக உழைத்தால், பெருமை அதிலுள்ள, செராமிக் கோட்டிங்குக்கு அடிப்படையான சிலிக்கா, சிலாக்ஸேன் போன்ற சிலிக்கன் சார்ந்த பொருள்களையும், பூசுவதற்கு முன் பெயின்ட்டைச் சுத்தம் செய்த கையையும்தான் சேரும்.

முதலில், பாட்டிலில் இருப்பது எந்தக் கிராஃபீன் என்று கேளுங்கள்

கிராஃபீன் என்பது தேன்கூட்டு அறைகளைப் போல அறுகோணமாக இணைந்த கார்பன் அணுக்களின் ஒற்றை அடுக்கு. அதன் தடிமன் சுமார் 0.335 நானோமீட்டர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நொவோசெலொவும் ஒட்டும் டேப்பால் கிராஃபைட்டை மீண்டும் மீண்டும் உரித்து, 2004-இல் இந்த அடுக்கைத் தனிமைப்படுத்திக் காட்டினார்கள். 2010-இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. விளம்பரங்களில் வரும் "எஃகைவிட 200 மடங்கு வலிமை" என்ற வாக்கியத்துக்கு அடிப்படையும் உண்மையானதே. 2008-இல் வெளியான ஓர் அளவீட்டில், குறையில்லாத ஒற்றை அடுக்கின் வலிமை சுமார் 130 கிகாபாஸ்கல் என்று கண்டறியப்பட்டது. ஆனால் அது ஒரு நுண்குழியின் மேல் விரித்து வைத்த தனித் தாளின் வலிமை. அந்தத் தாளைப் பொடிப்பொடியான செதில்களாக்கிப் பிசினில் (படலத்தைப் பிணைத்து வைக்கும் அடிப்பொருள்) கலந்தபின், படலத்தின் வலிமையைப் பெரும்பாலும் பிசின்தான் தீர்மானிக்கிறது.

மேலும், பாட்டிலில் கலந்திருப்பது பெரும்பாலும் தூய கிராஃபீனும் அல்ல. கிராஃபைட்டை அமிலங்களோடு வினைபுரிய வைத்துப் பெறும் கிராஃபீன் ஆக்ஸைடு திரவங்களில் எளிதாகக் கலப்பதால், கோட்டிங் தயாரிப்பவர்கள் அதையே விரும்புகிறார்கள். பெயரில் நெருக்கமாகத் தோன்றினாலும் குணத்தில் இது வேறு பொருள்: பழுப்பு நிறம் கொண்டது, மின்சாரத்தைக் கடத்தாது, தண்ணீரை விலக்குவதற்குப் பதில் ஈர்க்கும். ஒரே பாட்டிலின் மேல் "கிராஃபீன் ஆக்ஸைடு" என்றும் "நிலைமின்னைக் கடத்திவிடுவதால் தூசி ஒட்டாது" என்றும் எழுதியிருந்தால், முதல் வரியே இரண்டாவது வரியை மறுத்துவிடுகிறது. தூளின் தரத்திலும் சிக்கல் இருக்கிறது. உலகெங்கும் 60 உற்பத்தியாளர்களின் கிராஃபீன் தூள்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தது; மீதியில் பெரும்பகுதி மெல்லிய கிராஃபைட் துணுக்குகள்தான்.

ஆகவே விற்பவரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். கிராஃபீனா, கிராஃபீன் ஆக்ஸைடா, பல அடுக்குச் செதில்களா? காய்ந்த படலத்தில் அது எத்தனை சதவீதம்? அதை உறுதிசெய்த ராமன் நிறமாலை அறிக்கை (லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பொருளை அடையாளம் காணும் ஆய்வகச் சோதனை) இருக்கிறதா? பாதுகாப்புத் தரவுத் தாளில் பெயர் காணவில்லை என்பதால் மட்டும் ஏமாற்று என்று முடிவு செய்துவிடாதீர்கள். அந்தத் தாள் முக்கியமாக ஆபத்தான பொருள்களைப் பட்டியலிடுவதற்காக உள்ளது. திரவம் கறுப்பாக இருப்பதையும் ஆதாரமாகக் கொள்ள வேண்டாம், ஏனென்றால் சாதாரணக் கார்பன் பிளாக் என்ற கரித்தூளும் அதே நிறத்தைத் தரும்.

இரண்டாவதாக, கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒற்றை அடுக்குக் கிராஃபீன் தன் மேல் விழும் ஒளியில் 2.3 சதவீதத்தை உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த கோட்டிங் படலம் 1 மைக்ரான், அதாவது 1000 நானோமீட்டர் தடிமன் என்றும், அதன் கன அளவில் 1 சதவீதம் கிராஃபீன் என்றும் வைத்துக்கொள்வோம். அது 10 நானோமீட்டர் கிராஃபீனுக்குச் சமம். அடுக்குகளாகச் சொன்னால் சுமார் 30. முப்பது அடுக்குகளைக் கடந்துவரும் ஒளி ஏறத்தாழ பாதியாகிவிடும். பெயின்ட்டில் பட்டுத் திரும்பும் ஒளி அதே படலத்தை இரண்டாவது முறையும் கடப்பதால், கண்ணுக்கு வந்து சேர்வது கால்பங்குதான். வெள்ளைக் கார் சாம்பல் நிறமாகத் தெரிய வேண்டும். அப்படி எந்தக் காரும் மாறுவதில்லை என்பதிலிருந்தே, கண்ணாடிபோல் தெளிவாகக் காயும் கோட்டிங்கில் தூய கிராஃபீன் 1 சதவீதம்கூட இருக்க வழியில்லை என்பது தெரிந்துவிடுகிறது. கிராஃபீன் ஆக்ஸைடு இவ்வளவு ஒளியை உறிஞ்சாது என்பதால் அதைச் சற்று அதிகம் கலக்கலாம். ஆனால் விளம்பரம் சொல்லும் குணங்கள் அந்த ஆக்ஸைடுக்கு உரியவை அல்ல.

அடுத்தது வெப்பம். "கிராஃபீன் வெப்பத்தைப் பரப்பிவிடும், அதனால் பானெட் குளிர்ச்சியாக இருக்கும், தண்ணீர்த் துளி காய்ந்து கறை படியாது" என்ற வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. தொங்கவிடப்பட்ட ஒற்றை அடுக்கின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 5000 வாட் அளவுக்கு அளக்கப்பட்டிருப்பதும் உண்மை. இப்போது பேச்சுக்கு, படலம் முழுவதுமே அந்த அளவுக்குக் கடத்தும் தூய கிராஃபீன் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். வெப்பத்தைப் பக்கவாட்டில் பரப்பும் ஆற்றல் கடத்துதிறனையும் தடிமனையும் பெருக்கினால் கிடைக்கும்: 1 மைக்ரான் படலத்துக்கு அது 0.005. கீழே இருக்கும் எஃகுத் தகடு 0.7 மில்லிமீட்டர் தடிமனும் 50 வாட் கடத்துதிறனும் கொண்டது என்றால், அதற்கு 0.035. எந்தக் கடையிலும் வாங்க முடியாத அந்தக் கற்பனைப் படலம்கூட, காரில் ஏற்கெனவே இருக்கும் தகட்டின் ஏழில் ஒரு பங்கு வேலையைத்தான் செய்யும். நிஜப் பாட்டிலில் இருக்கும் சொற்ப அளவால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. வெயிலில் நிற்கும் காரின் சூட்டைத் தீர்மானிப்பது அதன் நிறம்; கறுப்புக் காரையும் வெள்ளைக் காரையும் அருகருகே தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

கடினத்தன்மையைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. "9எச்" என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் உச்ச அளவு மட்டுமே. கனிமங்களை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் பெறும் 10-க்கும் இதற்கும் தொடர்பில்லை. துணியில் சிக்கிய மணல் துகள் குவார்ட்ஸ் என்பதால் மோஸ் அளவில் 7 வரும், அது எந்தக் கோட்டிங்கையும் கீறும். கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் இருக்கும்போது, அதன் மேலிருக்கும் ஒரு மைக்ரான் படலம் கவசமாக நிற்க முடியாது.

தண்ணீர்க் கறையை உற்றுப் பாருங்கள்

கிராஃபீன் கோட்டிங்கின் முதன்மையான வாக்குறுதி இதுதான் என்பதால், இங்கே சற்று நிற்கலாம். வெயிலில் நிற்கும் கறுப்புப் பானெட்டில் ஒரு துளி உப்புத் தண்ணீரை (அதாவது கடின நீரை) விட்டுப் பக்கத்திலிருந்து பாருங்கள். கோட்டிங் இல்லாத, பழைய பெயின்ட்டில் துளியின் விளிம்பு விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். நடுவிலிருக்கும் தண்ணீர் விளிம்பை நோக்கி நகர்ந்து ஆவியாகி, கடைசியில் நாணயத்தைச் சுற்றி வரைந்ததுபோல ஒரு வெள்ளை வளையம் மிஞ்சும். புதிய கோட்டிங்கின் மேல் அதே துளி குமிழாக நின்று, காயக் காய விளிம்பை உள்ளே இழுத்துக்கொண்டு சுருங்கும்; இறுதியில் மிஞ்சுவது ஒரு சிறிய, ஆனால் அடர்த்தியான புள்ளி. இரண்டிலும் எஞ்சியிருப்பது ஒரே அளவு கால்சியம், மெக்னீசியம் உப்புகள்தான். தண்ணீரில் கரைந்திருந்ததை எந்தக் கோட்டிங்கும் மாயமாக்குவதில்லை.

எனவே உங்களுக்கு வேண்டியது அழகான குமிழ் அல்ல, துளி நிற்காமல் வழிந்து ஓடுவது. தாமரை இலையில் தண்ணீர் உருளுவதற்குக் காரணம் அதன் மெழுகும், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களும் சேர்ந்து தொடுகோணத்தை, அதாவது துளியின் விளிம்பு பரப்போடு உண்டாக்கும் கோணத்தை, 150 பாகைக்கு மேல் உயர்த்துவதுதான். வழுவழுப்பான கோட்டிங்கில் அந்த மேடுபள்ளம் கிடையாது. நல்ல செராமிக் படலத்தில் தொடுகோணம் 100 முதல் 110 பாகை அளவில் நின்றுவிடும். இந்த எண்ணைவிட, துளி எத்தனை பாகைச் சாய்வில் நகரத் தொடங்குகிறது என்பதே அன்றாடப் பயன்பாட்டில் பெரிய வேறுபாட்டைத் தருகிறது. சோதனையிலும் அதைத்தான் முதலில் அளக்க வேண்டும்.

பானெட் சோதனை

பழைய பானெட் ஒன்றோ, பெயின்ட் அடித்த வேறொரு தகடோ தனியாகக் கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். சாய்த்து அளப்பது எளிதாகும். கழுவி, இரும்புத் துகள் நீக்கும் திரவம் தெளித்து, களிமண் கட்டியால் (கார் பெயின்ட்டில் ஒட்டிய அழுக்கை எடுக்க விற்கப்படும் கிளே பார்) தேய்த்து, பாலிஷ் செய்தபின், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து பாலிஷின் எண்ணெயை முழுவதும் அகற்றுங்கள். இந்த எண்ணெய் எஞ்சியிருந்தால் எந்தக் கோட்டிங்கும் பிடிக்காது. பல கோட்டிங்குகள் சில வாரங்களிலேயே போய்விடுவதற்கு இந்த அலட்சியமே காரணம் என்பது என் எண்ணம்.

பரப்பை டேப்பால் எட்டுப் பட்டைகளாகப் பிரியுங்கள். சோதிப்பவை நான்கு: ஒன்றும் பூசாதது, சாதாரண மெழுகு, ஒரு நிறுவனத்தின் கிராஃபீன் இல்லாத செராமிக், அதே நிறுவனத்தின் கிராஃபீன் கோட்டிங். அதே நிறுவனம் என்பது முக்கியம். இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது கிராஃபீனை அல்ல, இரண்டு வெவ்வேறு பிசின்களை. இவற்றை இடமிருந்து முதல் நான்கு பட்டைகளில் 1, 2, 3, 4 என்று பூசி, அடுத்த நான்கு பட்டைகளில் 4, 3, 2, 1 என்று தலைகீழாகப் பூசுங்கள். ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள வெயில், வளைவு வேறுபாடுகள் இதனால் ஈடாகும். முடிந்தால் பூசுவதை இன்னொருவரிடம் விட்டு, எந்தப் பட்டையில் எது என்ற குறிப்பை அவரே வைத்துக்கொள்ளட்டும். கூடுதல் விலை கொடுத்த பாட்டிலின் பக்கம் நம் கண் சாய்வது இயல்பு.

நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது பூசுங்கள். படலத்தில் வானவில் நிறம் தோன்றியதும் ஒரு மைக்ரோ ஃபைபர் துணியால் சமப்படுத்தி, இன்னொன்றால் துடைத்துவிடுங்கள். தாமதித்தால் திட்டுகள் இறுகிப்போய் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டிவரும். படலம் இறுகும் முன்பே டேப்பை உரித்துவிடுங்கள். குறைந்தது ஒரு நாள் தண்ணீர் படாமலும், ஒரு வாரம் ஷாம்பு படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய துணியைத் துவைத்து மீண்டும் எடுக்காதீர்கள். அதில் இறுகிய சிலிக்கா அடுத்த முறை பெயின்ட்டைக் கீறும்.

அளப்பதற்கு U-100 என்று குறித்த ஓர் இன்சுலின் சிரிஞ்சு போதும். அதில் 2 யூனிட், அதாவது 0.02 மில்லிலிட்டர் தண்ணீரை ஒவ்வொரு பட்டையிலும் வைத்து, தகட்டை மெல்லச் சாய்த்து, துளி நகரும் கோணத்தைக் கைபேசியின் சாய்வுமானியில் குறியுங்கள். பிறகு பட்டைக்குப் பத்துத் துளி உப்புத் தண்ணீர் விட்டு வெயிலில் காயவைத்து, ஷாம்புவால் ஒரே அளவு துடைத்து, எத்தனை கறை மிஞ்சியது என்று எண்ணுங்கள். நண்பகலில் அகச்சிவப்பு வெப்பமானியால் எல்லாப் பட்டைகளின் சூட்டையும் படியுங்கள். இவற்றை முதல் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று திரும்பச் செய்யுங்கள். இடையில் ஏதாவது பட்டையில் தண்ணீர் ஒட்டத் தொடங்கினால், கோட்டிங் போய்விட்டது என்று உடனே எழுதிவிட வேண்டாம். அழுக்குப் படலம் மேலே மூடியிருக்கலாம். மென்மையான அமில ஷாம்புவால் ஒருமுறை கழுவியபின் மறுபடி அளந்து பாருங்கள்.

கிராஃபீனுக்குப் பெயின்ட் உலகில் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. துத்தநாகம் நிறைந்த துருத்தடுப்புப் பிரைமர்களில் அதன் தட்டையான செதில்கள் ஈரம் உள்ளே போகும் பாதையைச் சுற்றுவழியாக்குகின்றன. துத்தநாகத் துகள்களுக்கிடையே மின்தொடர்பையும் மேம்படுத்துகின்றன. அங்கே படலம் பல பத்து மைக்ரான் தடிமன் கொண்டது, கறுப்பாக இருப்பதும் குறையல்ல. ஃபோர்டு நிறுவனம் என்ஜின் பகுதி உறைகளின் நுரையில் அரை சதவீதத்துக்கும் குறைவான கிராஃபீனைச் சேர்த்து, சத்தத்தைக் குறைக்கும் திறனையும் சூடு தாங்கும் திறனையும் உயர்த்தியதாக 2018-இல் அறிவித்தது. ஒளி ஊடுருவ வேண்டிய, ஒரு மைக்ரான் மட்டுமே இருக்கும் மேற்பூச்சுக்கு இந்த வெற்றிகளைச் சான்றாகக் காட்டுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

சோதனையின் முடிவைப் படிக்கும்போது, முதலில் இரண்டு செராமிக் பட்டைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒரே திரவம் பூசிய இரண்டு பட்டைகளுக்கிடையே, துளி நகரும் கோணத்தில் சில பாகையும், கறை எண்ணிக்கையில் ஒன்றிரண்டும் வேறுபடுவது இயல்பு. கிராஃபீன் பட்டைகள் செராமிக் பட்டைகளைவிட அந்த வேறுபாட்டுக்கும் மேலாக, மூன்று முறை அளந்தபோதும் முந்தி நின்றால் மட்டும் கூடுதல் விலையைக் கொடுங்கள்.