முதல் அலையோடு முடிவதில்லை: பேரிடர் நேரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1960 மே 22 அன்று சிலி நாட்டில் 9.5 அளவில் நிலம் நடுங்கியது. கருவிகளில் இதுவரை பதிவானதிலேயே பெரிய நிலநடுக்கம் அதுதான். அங்கே கிளம்பிய சுனாமி பசிபிக் பெருங்கடலைக் கடந்து ஹவாயின் ஹிலோ நகரத்துக்கு வந்துசேர ஏறக்குறைய 15 மணி நேரம் பிடித்தது. அபாயச் சங்கை முன்னதாகவே ஊதிவிட்டார்கள். நள்ளிரவு தாண்டி வந்த முதல் அலை சின்னது. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் பெரிது. ‘இவ்வளவுதானா’ என்று வீட்டுக்குத் திரும்பியவர்கள் உண்டு, வேடிக்கை பார்க்கக் கரையிலேயே நின்றவர்களும் உண்டு. ஒரு மணிக்கு மேல் வந்த மூன்றாவது அலை கரையோரத் தெருக்களை வழித்துக்கொண்டு போனது. இறந்தவர்கள் 61 பேர்.

நான்கே ஆண்டுகளில் இதே கதை வேறு ஊரில் நடந்தது. 1964 மார்ச்சில் அலாஸ்காவில் 9.2 அளவு நிலநடுக்கம். கலிபோர்னியாவின் கிரசென்ட் சிட்டியில் முதல் அலைகள் வந்து வடிந்ததும், கடைக்குள் புகுந்த தண்ணீரை வாரிக் கொட்டலாம் என்று சிலர் இறங்கி வந்துவிட்டார்கள். நான்காவது அலைதான் எல்லாவற்றிலும் பெரிது.

இந்த இரண்டு ஊர்களிலும் ஆட்கள் இறந்தது எச்சரிக்கை வராததால் அல்ல. இடையில் வந்த அமைதியை முடிவு என்று நினைத்ததுதான் உயிரை வாங்கியது. புயல், நிலநடுக்கம், வெள்ளம் எதை எடுத்தாலும் இந்த ஒரு தவறு வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் அதையே முதலில் பார்ப்போம்.

‘முடிந்துவிட்டது’ என்று நாமே தீர்ப்பு எழுதுவது

சுனாமி என்பது ஒற்றை அலை கிடையாது. வரிசையாக வரும் அலைகள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பத்து நிமிடமும் இருக்கலாம், ஒரு மணி நேரமும் இருக்கலாம். எதிர்க்கரையில் மோதித் திரும்புபவை, விரிகுடாவுக்குள் மாட்டிக்கொண்டு ஊஞ்சல் மாதிரி ஆடுபவை எல்லாம் அப்புறம் வந்து சேர்ந்துகொள்ளும். முதல் அலைதான் பெரிதாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ‘ஆபத்து நீங்கியது’ என்று அதிகாரபூர்வமாகச் சொல்லும்வரை, அது எத்தனை மணி நேரமானாலும், மேட்டில்தான் இருக்க வேண்டும்.

நிலநடுக்கத்திலும் இதே கணக்குத்தான். 2016 ஏப்ரல் 14 அன்று ஜப்பானின் குமமோட்டோவில் பலமான ஒரு நடுக்கம். பெரியது வந்து போய்விட்டது, இனி வருவதெல்லாம் பின்னதிர்வுதான் என்று நம்பிச் சிலர் வீடு திரும்பினார்கள். 16ஆம் தேதி விடியும் முன்பே 7.0 அளவில் உண்மையான பெரியது வந்தது. அதற்குப் பிறகு ஜப்பான் வானிலை ஆய்வு அமைப்பு தன் அறிவிப்புகளில் ‘பின்னதிர்வு’ என்ற சொல்லைத் தவிர்க்க ஆரம்பித்தது. அந்தச் சொல்லைக் கேட்டாலே ‘இனிமேல் சின்னதுதான்’ என்று காதில் விழுகிறது, அதுதான் சிக்கல். துருக்கியில் 2023 பிப்ரவரி 6 அன்று 7.8 அளவு நடுக்கம் வந்து ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் கழித்து 7.5 அளவில் இன்னொன்று வந்தது. விரிசல் விட்ட வீட்டுக்குள் பணம், நகை, போர்வை எடுக்கப் போவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

புயலில் இந்த ஏமாற்றுக்குப் பெயரே உண்டு: கண், அதாவது புயலின் நடுவே இருக்கும் அமைதியான பகுதி. பேயாட்டம் ஆடிய காற்று சட்டென்று அடங்கும், மழை விடும், சில நேரம் வானம்கூடத் தெளியும். ஆட்கள் கூரையைச் சரிசெய்யவும், சாய்ந்த மரத்தை வெட்டவும் வெளியே வருவார்கள். கண் பெரும்பாலும் 30 முதல் 65 கிலோமீட்டர் அகலம் இருக்கும். அது தலைக்கு மேல் நகர்ந்து முடிந்ததும் காற்று அதே வேகத்தில், ஆனால் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். ஒரு பக்கக் காற்றுக்குத் தாக்குப்பிடித்து ஆட்டம் கண்டிருந்த சுவர் மறுபக்கக் காற்றில் விழுந்துவிடும்.

அப்புறம் ‘புயல் கரையைக் கடந்தது’ என்ற செய்தி. எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. கேட்பவர் மனதில் ஒரு நிம்மதியை உண்டாக்கிவிடுகிறது. அதற்கு அர்த்தம் புயலின் மையம் கடலிலிருந்து நிலத்துக்கு வந்துவிட்டது என்பது மட்டுமே. 2019 மார்ச்சில் இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ரா நகரத்துக்கு அருகே கரை கடந்தது. அதற்கடுத்த நாட்களில்தான் ஆறுகள் கரையுடைத்து, உள்நாட்டில் ஒரு கடலே உண்டானது போல் வெள்ளம் தேங்கியது. கடலோரத்தில் இருப்பவர் மூச்சு விடும் நேரத்தில்தான் மலையடிவாரத்திலும் ஆற்றோரத்திலும் இருப்பவர் விழித்துக்கொள்ள வேண்டும்.

காற்றை அளந்துவிட்டுத் தண்ணீரை மறப்பது

புயல் என்றால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் காற்று என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். அமெரிக்காவில் 1963 முதல் 2012 வரை அட்லாண்டிக் புயல்களால் நேரடியாக இறந்தவர்களைக் கணக்கெடுத்தபோது, பத்தில் ஒன்பது பேர் தண்ணீரால் இறந்திருந்தார்கள். மொத்தச் சாவில் ஏறக்குறைய பாதி, கடல் ஊருக்குள் ஏறியதால். காற்று கடலை முன்னால் தள்ளிக்கொண்டே வந்து கரையில் குவிக்கிறது. கடற்கரை ஆழமில்லாமல் மெல்லச் சரிந்திருந்தால் குவியல் இன்னும் உயரும். 1970இல் வங்கக் கடலின் வட மூலையில், இன்றைய வங்கதேசத்தில், போலா புயலில் மூன்று லட்சத்துக்கும் குறையாதவர்கள் இறந்தது பெரும்பாலும் இப்படித்தான். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. அது ஓடி வந்து மோதினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

2013 நவம்பரில் ஹையான் புயல் பிலிப்பைன்ஸின் டக்ளோபான் நகரத்தைத் தாக்கியபோது எச்சரிக்கை சரியாகவே போயிருந்தது. ஆனால் அதில் கடல் ஏறுவதைக் குறிக்க அதிகாரிகள் பயன்படுத்திய ஆங்கிலக் கலைச்சொல் பலருக்குப் புரியவில்லை. ‘சுனாமி மாதிரி வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்’ என்று பிழைத்தவர்கள் பின்னால் சொன்னார்கள். எனவே எச்சரிக்கையில் புரியாத சொல் வந்தால் ‘ஏதோ அரசாங்க பாஷை’ என்று கடந்துவிடாதீர்கள். என் வீட்டு வாசலில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

செய்தியில் காட்டும் கூம்பு வடிவ வரைபடமும் இப்படித்தான் குழப்பும். புயலின் மையம் எந்த வழியில் போகக்கூடும் என்பதைத்தான் அந்தக் கூம்பு காட்டுகிறது. புயலின் அகலத்தைக் காட்டுவதில்லை. மையம் கூம்பை விட்டு விலகிப் போகவும் சாத்தியம் உண்டு. கோட்டுக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் ‘நம்ம பக்கம் இல்லை’ என்று தூங்கப் போவது சரியில்லை.

கடலில் இருப்பவர்: புயலுக்கு ஒன்று, சுனாமிக்கு நேர் எதிர்

1896 ஜூன் 15 அன்று இரவு ஜப்பானின் சன்ரிக்குக் கரையை ஒரு சுனாமி அழித்தது. ஏறக்குறைய 22,000 பேர் இறந்தார்கள். அப்போது மீன்பிடிக்கப் போயிருந்தவர்கள் கடலில் எதையுமே உணரவில்லை. காலையில் திரும்பி வந்தபோது ஊர் இல்லை. ‘சுனாமி’ என்ற ஜப்பானியச் சொல்லுக்கே ‘துறைமுக அலை’ என்றுதான் பொருள்.

இதன் கணக்கு எளிது. 4,000 மீட்டர் ஆழத்தில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஆனால் அங்கே அதன் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவு, நீளமோ நூறு கிலோமீட்டருக்கும் மேல். படகு மெதுவாக ஏறி இறங்கும், அவ்வளவுதான். ஆழம் குறையக் குறைய முன்பகுதி வேகம் குறைந்து பின்னால் வருவது அதன் மேல் ஏறிக்கொள்ள, அலை எழும்புகிறது. ஆகவே கடலில் இருக்கும்போது சுனாமி எச்சரிக்கை கேட்டால் குடும்பத்தைப் பார்க்கக் கரைக்கு விரைவது தவறு. ஆழத்துக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் பசிபிக் கரையில் நூறு பாகம், அதாவது ஏறக்குறைய 180 மீட்டர் ஆழம் என்று சொல்கிறார்கள். துறைமுக வாயிலில் தண்ணீர் அபாயம் நீங்கிய அறிவிப்புக்குப் பிறகும் மணிக்கணக்கில் சுழன்றுகொண்டிருக்கும் என்பதால் திரும்புவதிலும் அவசரம் கூடாது.

கரையில் இருப்பவருக்கு இதே அறிவுரை பொருந்தாது. அலை வர நிமிடங்களே இருக்கும்போது படகைக் காப்பாற்றத் துறைக்கு ஓடினால் படகும் போகும், ஆளும் போவார். படகை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள்.

புயலில் எல்லாம் தலைகீழ். காற்று எழுப்பும் அலை ஆழ்கடலிலும் அதே கொடூரம்தான். எனவே சீக்கிரமே கரை சேர வேண்டும். இங்கே நடக்கும் பெரிய தவறு பழைய தகவலை நம்புவது. 2015 அக்டோபர் 1 அன்று எல் ஃபாரோ என்ற சரக்குக் கப்பல் பஹாமாஸ் அருகே வாக்கீன் புயலில் மூழ்கியது. அதில் இருந்த 33 பேரும் இறந்தார்கள். கப்பல் தலைவர் நம்பியிருந்த வானிலைப் படம் பல மணி நேரம் பழையது என்று விசாரணையில் தெரியவந்தது. புயல் நிற்கும் பொருள் இல்லை, காலைத் தகவல் மாலைக்கு உதவாது. வட அரைக்கோளத்தில் புயல் போகும் திசைக்கு வலப்பக்கம் காற்று அதிகம், தென் அரைக்கோளத்தில் இடப்பக்கம். புயலுக்கு முன்னால் குறுக்கே பாய்ந்து ‘தாண்டிவிடலாம்’ என்று பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

வானம் தெளிவாக இருந்தால் கடலும் சாதுவாக இருக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தென்கடலில் அடித்த புயலின் அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறி வரும். கேரளக் கரையில் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். பொருத்தமான பெயர்.

கடல் உள்வாங்கினால் பார்க்கப் போவது, சங்குக்காகக் காத்திருப்பது

2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்வாங்கியபோது, துள்ளும் மீன்களைப் பொறுக்கப் போனவர்கள் பல கரைகளில் உண்டு. ஆனால் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் ஏறக்குறைய 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. 1907இல் அங்கே வந்த சுனாமியின் நினைவை ‘ஸ்மோங்’ என்ற சொல்லாகப் பாட்டி பேரனுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நிலம் பலமாக ஆடினால், கடல் பின்வாங்கினால், மலைக்கு ஓடு. அவ்வளவுதான் பாடம். அவர்களிடம் சங்கும் இல்லை, குறுஞ்செய்தியும் இல்லை.

2018 செப்டம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் பாலுவில் நடுக்கம் வந்த சில நிமிடங்களிலேயே அலை வந்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 22 இரவு அனாக் கிரகட்டாவ் எரிமலையின் ஒரு பகுதி கடலில் சரிந்தபோது பெரிய நிலநடுக்கம் எதுவும் முன்னே வரவில்லை, 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கரையில் நிற்கும்போது நிலம் இருபது நொடிக்கு மேல் ஆடினாலோ, கடல் விநோதமாக நடந்துகொண்டாலோ, விமானம் போல் இரைச்சல் கேட்டாலோ கிளம்பிவிட வேண்டும். நடந்து போங்கள். எல்லாரும் காரை எடுத்தால் சாலை அடைத்துக்கொள்ளும்.

வீட்டிலும் சாலையிலும்

நிலம் ஆடும்போது வாசல் நிலையின் கீழ் நிற்பது பழைய அறிவுரை. இன்றைய கட்டடங்களில் வாசல் நிலைக்கு எந்தத் தனி பலமும் இல்லை. உறுதியான மேஜைக்கடியில் புகுந்து, தலையை மறைத்து, அதன் காலைப் பிடித்துக்கொள்வது நல்லது. மாடிப்படியில் ஓடுவதும், கண்ணாடியும் செங்கல்லும் உதிரும் முகப்பின் கீழ் வெளியே பாய்வதும் காயத்தை வாங்கித் தரும். ஒரு விதிவிலக்கு: மண்சுவர் அல்லது ஒட்டாத கல்சுவர் வீட்டில், தரைத்தளத்தில், திறந்தவெளி இரண்டு எட்டில் இருந்தால் வெளியேறுவதுதான் புத்திசாலித்தனம்.

வெள்ளத்தில் ‘முழங்கால் தண்ணீர்தானே’ என்பது ஆளைக் கொல்லும் சொல். ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவரைத் தடுமாற வைக்கும், 30 சென்டிமீட்டர் சின்னக் காரைத் தூக்கும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை அடித்துப் போகும். கார் உள்ளே காற்று அடைத்த பெட்டி, கிட்டத்தட்ட படகுதான். தண்ணீருக்கு அடியில் சாலை இன்னும் இருக்கிறதா என்பதும் மேலிருந்து தெரியாது. முன்னால் போன வண்டி தாண்டியதைப் பார்த்து நாமும் இறங்குவது இன்னும் மோசம்.

இடி கேட்டால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று பொருள். மரத்தடி, திறந்த படகு இரண்டும் வேண்டாம். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் பொறுங்கள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு, மின்சாரம் இல்லாத இரவில், ஜெனரேட்டரைத் திண்ணையிலோ வண்டி நிறுத்தும் கொட்டகையிலோ ஓடவிடுகிறார்கள். 2020இல் அமெரிக்காவின் லூசியானாவை லாரா புயல் தாக்கியபோது ஜெனரேட்டர் புகையால் மட்டும் பலர் இறந்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. வீட்டிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, ஜன்னலைப் பார்க்காதபடி வையுங்கள். வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலைவலியோ தலைசுற்றலோ வந்தால் அலுப்பு என்று படுக்க விடாமல், தூங்குபவரையும் எழுப்பி எல்லாரையும் வெளியே கூட்டி வந்துவிடுங்கள்.