அதிவேக இணைய வலையமைப்புக்கு அரசு பணம் ஒதுக்கலாமா? ஒரு திட்டத்தை எடைபோடும் முறை

நாடு முழுவதற்கும் அதிவேக பிராட்பேண்ட் வலையமைப்பை அரசுப் பணத்தில் அமைக்கலாமா என்ற கேள்வி தேர்தல் அறிக்கையிலோ வரவுசெலவுத் திட்டத்திலோ எழும்போது, பெரும்பாலோர் ‘இது அரசின் கடமை’ என்றோ ‘தனியாரிடம் விட்டுவிடலாம்’ என்றோ உடனே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். கேள்வியை அந்த வடிவிலேயே வைத்துக்கொண்டு எவ்வளவு வாதிட்டாலும் தெளிவு பிறக்காது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், தென் கொரியா, இந்தியா ஆகிய எல்லா நாடுகளிலும் அரசு ஏதோ ஒரு வழியில் பணம் போட்டிருக்கிறது. கிடைத்த விளைவுகளுக்கிடையே பெரும் இடைவெளி இருக்கிறது. எந்த அடுக்கில், எந்தப் பகுதியில், எந்த நிபந்தனையோடு அந்தப் பணம் இறங்கியது என்பதில்தான் அந்த இடைவெளி உருவாகிறது. ஆகவே பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு மனு எழுதுபவரும், மன்றத்தில் வாக்களிக்க வேண்டியவரும், வரி செலுத்துபவர் என்ற முறையில் அக்கறை கொண்டவரும் ஒரு திட்ட அறிக்கையை எப்படிப் பிரித்துப் படிக்கலாம் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

அடுக்குகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எந்தத் திட்டமாக இருந்தாலும் அதில் மூன்று அடுக்குகள் கலந்திருக்கும். அடியில் இருப்பவை பள்ளங்கள், குழாய்கள், கம்பங்கள், அவற்றின் வழியே செல்லும் ஒளியிழைகள். நடுவில் இருப்பவை அந்த இழையில் ஒளியை ஏற்றி இறக்கும் கருவிகள். மேலே இருப்பது வாடிக்கையாளருக்கு இணைப்பை விற்பது, கட்டணம் வசூலிப்பது, பழுது என்று அழைத்தால் பதில் சொல்வது ஆகிய சில்லறை வணிகம். திட்ட அறிக்கையை எடுத்து, ஒவ்வொரு செலவு வரியும் இந்த மூன்றில் எதைச் சேர்ந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். பொதுவாக அறிக்கைகளில் கைப்பேசிச் செயலியின் படங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். பள்ளம் தோண்டும் ஒப்பந்தத்தைப் பற்றி அரைப் பக்கம் இருக்கும். செலவின் பெரும்பகுதி அந்த அரைப் பக்கத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம், மூன்று அடுக்குகளின் பொருளாதாரமும் வேறு வேறு என்பதே. பூமிக்கடியில் ஒருமுறை பதித்த ஒளியிழை பல பத்தாண்டுகள் உழைக்கும். ஒரே தெருவை நான்கு நிறுவனங்கள் நான்கு முறை தோண்டுவது வீண் செலவு. எனவே அந்த அடுக்கு இயல்பாகவே முற்றுரிமையை நோக்கிச் சாயும். நடு அடுக்குக் கருவிகளின் ஆயுள் குறைவு, ஆனால் அவற்றை மாற்றுவது எளிது. விநாடிக்குச் சுமார் 2.5 கிகாபிட் வேகத்தைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளித்த அதே இழையில், இரு முனைகளிலும் உள்ள கருவிகளை மட்டும் மாற்றி இன்று 10 கிகாபிட் அனுப்புகிறார்கள். மேல் அடுக்கில் போட்டி நன்றாகவே வேலை செய்கிறது. ஆகவே அரசுப் பணத்துக்கான நியாயம் அடி அடுக்கில் மிக வலுவாகவும், மேலே செல்லச் செல்ல மெலிந்தும் போகிறது என்பது என் கருத்து. அரசே வாடிக்கையாளருக்கு இணைப்பு விற்கப்போகிறது என்று ஒரு திட்டம் சொன்னால், அதற்குத் தனியாக ஒரு காரணம் கேட்டு வாங்க வேண்டும்.

சிங்கப்பூர் இந்தப் பிரிவினையை ஏட்டிலேயே எழுதிவிட்டது. தன் அடுத்த தலைமுறை வலையமைப்புக்காக அந்நாட்டு அரசு ஒதுக்கிய 100 கோடி சிங்கப்பூர் டாலர் வரையிலான மானியத்தில், அடி அடுக்கை அமைக்கும் நிறுவனத்துக்கு 75 கோடி வரையும் நடு அடுக்கை நடத்தும் நிறுவனத்துக்கு 25 கோடி வரையும் தனித்தனியே வகுக்கப்பட்டன. சில்லறை விற்பனை போட்டிக்கு விடப்பட்டது. ஸ்டாக்ஹோம் நகரம் இன்னும் எளிமையான வழியில் சென்றது. 1994-இல் அந்நகரம் தொடங்கிய ஸ்டோகாப் என்னும் நிறுவனம், ஒளியேற்றாத வெறும் இழையை எல்லா நிறுவனங்களுக்கும் வாடகைக்கு விடுவதோடு நிறுத்திக்கொண்டது.

வரைபடத்தைக் கேளுங்கள்

அடுத்து, பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசு உதவி வழிகாட்டு நெறிகள் ஒரு பயனுள்ள வகைப்பாட்டைத் தந்திருக்கின்றன: அதிவேக வலையமைப்பு இல்லாததோடு அண்மையில் வரவும் வாய்ப்பில்லாத பகுதி வெள்ளை, ஒரே ஒரு வலையமைப்பு உள்ள பகுதி சாம்பல், போட்டியிடும் வலையமைப்புகள் ஒன்றுக்கு மேல் உள்ள பகுதி கறுப்பு. வெள்ளைப் பகுதியில் அரசுப் பணம் இறங்குவதற்கு எளிதாக நியாயம் சொல்லலாம். கறுப்புப் பகுதியில் அதே பணம் ஏற்கெனவே முதலீடு செய்தவரை விரட்டத்தான் பயன்படும். திட்டத்தோடு இத்தகைய வரைபடம் இணைக்கப்படவில்லை என்றால் மற்ற பக்கங்களைப் படிப்பதற்கு முன் அதைக் கேளுங்கள்.

வரைபடம் இருந்தாலும் அதில் ஒரு தந்திரத்துக்கு இடமுண்டு. ‘இந்தப் பகுதியில் விரைவில் நாங்களே இழை பதிக்கப்போகிறோம்’ என்று ஒரு நிறுவனம் சொல்லிவிட்டால், வெள்ளையாக இருந்த பகுதி சாம்பலாகிவிடும். அரசுப் பணம் ஒதுங்கிக்கொள்ளும். நிறுவனம் பிறகு வராமலும் இருந்துவிடலாம். எனவே அத்தகைய அறிவிப்புகள் காலக்கெடுவும் பிணைத்தொகையும் கொண்ட எழுத்துபூர்வமான உறுதிமொழியாக இருந்தால் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என்று விதி இருக்கிறதா என்று பாருங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. லாபம் தரும் நகரங்களைத் தனியாருக்கு விட்டுவிட்டு நட்டம் தரும் பகுதிகளை மட்டும் அரசு எடுத்துக்கொண்டால், நகர வருவாயிலிருந்து கிராமச் செலவை ஈடுகட்டும் வழி அடைபட்டுவிடும். நாடு முழுவதும் ஒரே மொத்த விலை (வலையமைப்பு நிறுவனம் சில்லறை நிறுவனங்களிடம் வசூலிக்கும் விலை) என்று தொடங்கிய ஆஸ்திரேலியா இந்தச் சிக்கலைச் சந்தித்தது. தொலைதூரப் பகுதிகளின் நட்டத்தைப் பகிர்ந்துகொள்ள, போட்டி நிறுவனங்களின் நிலைவழி இணைப்புகளின்மீதும் 2021 முதல் தீர்வை விதிக்க வேண்டியதாயிற்று. நட்டத்தை யார் சுமப்பது என்று திட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

கடைசி சில விழுக்காட்டு வீடுகளைப் பற்றியும் நேர்மையான பதில் தேவை. 2009-இல் அறிவிக்கப்பட்ட ஆஸ்திரேலியத் திட்டமே 90 விழுக்காட்டுக் கட்டடங்களுக்குத்தான் ஒளியிழை என்றது; எஞ்சியவற்றுக்குக் கம்பியில்லா இணைப்பும் செயற்கைக்கோளும். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள புவிநிலைச் செயற்கைக்கோள் வழியே ஒரு கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடியாவது ஆகும் என்பதால் காணொளி உரையாடல் தடுமாறும்; தாழ்ந்த சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் வந்தபின் இந்தக் கணக்கு மாறியிருக்கிறது. ‘எல்லோருக்கும் ஒளியிழை’ என்று எழுதியிருந்தால் ஐயப்படுங்கள்.

பணத்தின் வடிவத்தில்தான் திட்டத்தின் குணம் இருக்கிறது

‘இத்தனை ஆயிரம் கோடி ஒதுக்கீடு’ என்ற தலைப்பை விடுத்து, அந்தத் தொகை திரும்பி வராத மானியமா, பங்கு முதலீடா, கடனா, வாடிக்கையாளருக்கு நேரடியாகத் தரும் கட்டணச் சலுகையா என்று பாருங்கள். ஒவ்வொரு வடிவமும் பின்னாளில் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

ஆஸ்திரேலியா தன் தேசிய பிராட்பேண்ட் வலையமைப்பை அமைக்க என்.பி.என் நிறுவனத்தை முழு அரசு உடைமையாக உருவாக்கிப் பங்கு முதலீடு செய்தது. முதலீடு என்றால் அதற்கு வருவாய் திரும்ப வேண்டும். வருவாய் எதிர்பார்ப்பு இருந்ததால்தான் அந்தச் செலவு வரவுசெலவுக் கணக்கில் வழக்கமான செலவாக ஏறாமல் தப்பியது. ஆனால் வருவாய் வேண்டுமென்றால் மொத்த விலை உயர வேண்டும். இணைப்புக் கட்டணத்தோடு, சில்லறை நிறுவனங்கள் வாங்கும் கொள்ளளவுக்கும் (ஒரே நேரத்தில் அனுப்பக்கூடிய தரவின் அளவு) தனிக் கட்டணம் விதிக்கப்பட்டது. அவை செலவைக் குறைக்கக் கொள்ளளவைச் சிக்கனமாக வாங்கின. மாலை நேரத்தில் எல்லோரும் ஒருசேர இணையத்தைப் பயன்படுத்தியபோது வேகம் சரிந்தது. கணக்கியலில் எடுத்த ஒரு முடிவு இப்படி வீட்டின் திரையில் வந்து முடிந்தது. ஆகவே, அரசு எத்தனை விழுக்காடு வருவாயை எதிர்பார்க்கிறது, அதிலிருந்து எழும் மொத்த விலை என்ன என்ற இரண்டு கேள்விகளையும் ஒன்றாகவே கேளுங்கள்.

நியூசிலாந்து வேறு வழியில் சென்றது. முதலில் 150 கோடி நியூசிலாந்து டாலரை ஒதுக்கி, 75 விழுக்காட்டு மக்களுக்கு ஒளியிழை என்ற இலக்கை வைத்தது. பின்னர் விரிவாக்கி 2022 இறுதியில் 87 விழுக்காட்டை எட்டியது. பணத்தைப் பெற விரும்பிய பழைய தொலைபேசி நிறுவனம் 2011-இல் இரண்டாகப் பிரிய வேண்டியிருந்தது: வலையமைப்பை வைத்திருக்கும் நிறுவனம் இனிச் சில்லறையில் விற்கக்கூடாது. பணத்தைவிட அந்த நிபந்தனைதான் அதிகம் சாதித்தது என்று நினைக்கிறேன். அரசு கையில் பணம் இருக்கும்போது மட்டுமே அப்படியொரு நிபந்தனையை விதிக்க முடியும். பணம் கைமாறிய பிறகு விதிக்க முடியாது.

இந்தியாவின் அனுபவம், அமைக்கும் செலவோடு நடத்தும் செலவையும் பார்க்கச் சொல்கிறது. 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்று, சுமார் 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளை இணைக்கப் புறப்பட்ட திட்டம், பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிப் பலமுறை காலக்கெடுவைத் தவறவிட்டது. ஊராட்சி அலுவலகம் வரை இழை போய்ச் சேர்வது ஒரு வேலை. அறுந்த இழையை ஒட்டுவதும், மின்சாரம் நின்றாலும் கருவி இயங்கச் செய்வதும், அங்கிருந்து வீடுகளுக்குக் கொண்டுசெல்வதும் வேறு வேலைகள். 2023-இல் ஒப்புதல் பெற்ற 1.39 லட்சம் கோடி ரூபாய்த் திருத்தத் திட்டம் பத்தாண்டுப் பராமரிப்பையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. நீங்கள் படிக்கும் அறிக்கையில் பராமரிப்புக்கென்று தனி வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

கட்டணச் சலுகை மக்களை விரைவாகச் சென்றடையும். விரைவாகத் தீர்ந்தும் போகும். மாதம் 30 டாலர் வரை தந்த அமெரிக்கச் சலுகைத் திட்டம் 2 கோடியே 30 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்த்துக்கொண்ட பின், நிதி தீர்ந்து 2024-இல் நின்றது.

பயன் என்று சொல்லப்படும் எண்கள்

ஏறக்குறைய எல்லா அறிக்கைகளிலும் உலக வங்கியின் 2009 ஆய்வு மேற்கோள் காட்டப்படும்: வளரும் நாடுகளில் பிராட்பேண்ட் பரவல் 10 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடினால் பொருளாதார வளர்ச்சி 1.38 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுகிறது என்பது அதன் மதிப்பீடு. இணைப்பே இல்லாத இடத்துக்கு, அக்கால வேகத்தில், இணைப்பு வருவதைப் பற்றிய எண் அது. 50 மெகாபிட் இணைப்பு வைத்திருப்பவருக்கு 1,000 மெகாபிட் தருவதால் வரும் பயனுக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது. திட்டம் இல்லாவிட்டாலும் சந்தை தானாகவே எதைக் கொண்டுவந்திருக்கும் என்று மதிப்பிட்டு, அதற்கு மேல் கிடைக்கும் பயனை மட்டும் கணக்கிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

செலவுப் பக்கத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். முதல் செலவை மட்டும் ஒப்பிடுவது பெரிய பொறி. 4,300 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை என்று மதிப்பிடப்பட்ட 2009 திட்டத்தை, 2013-இல் வந்த புதிய அரசு செலவைக் குறைப்பதற்காக மாற்றி, பல பகுதிகளில் பழைய செப்புக் கம்பியையும் கேபிள் தொலைக்காட்சி வடத்தையும் பயன்படுத்தச் சொன்னது. செப்புக் கம்பியில் தூரம் கூடக்கூட வேகம் குறையும். 2020-இல் அதே வலையமைப்பில் ஒளியிழையை வீடுகளை நோக்கி நீட்டிக்கப் புதிய முதலீடு அறிவிக்கப்பட்டது. எந்தத் தொழில்நுட்பத்தைத் தேர்ந்தாலும், அடுத்த மேம்பாட்டுக்கு ஆகும் செலவையும் சேர்த்து இருபது முப்பது ஆண்டுக் கணக்கை அறிக்கையில் கேளுங்கள்; ஆட்சி மாறினால் தொழில்நுட்பமும் மாறுவதைத் தடுக்க ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள்.

வேலை தொடங்கிய பிறகு

முன்னேற்ற அறிக்கைகளில் ‘இத்தனை லட்சம் வீடுகளை எட்டிவிட்டோம்’ என்ற வரி வரும். எட்டுவது என்றால் பெரும்பாலும் தெருவழியே இழை சென்றிருக்கிறது என்று மட்டுமே பொருள். தெருவில் இழை உள்ள வீடுகள், கேட்டால் சில நாளில் இணைப்புப் பெறக்கூடிய வீடுகள், கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் வீடுகள் என்று மூன்று எண்களைப் பகுதிவாரியாகத் தனித்தனியே வெளியிடச் சொல்லுங்கள். மூன்றாவது எண் இரண்டாவதைவிட மிகவும் பின்தங்கியிருந்தால் மொத்த விலையிலோ சில்லறைப் போட்டியிலோ கோளாறு. இரண்டாவது எண் முதலாவதைவிடப் பின்தங்கியிருந்தால் ஒப்பந்தக்காரரின் வேலையில் கோளாறு. இவற்றோடு மாலை நேர உச்சப் பயன்பாட்டில் அளந்த வேகமும் சேர வேண்டும். அந்த அளவீட்டை வலையமைப்பை நடத்தும் நிறுவனமே செய்வதைவிட, ஒழுங்குமுறை ஆணையமோ தணிக்கை அமைப்போ செய்து வெளியிடுமாறு திட்டத்தின் முதல் ஆவணத்திலேயே எழுதிவைக்கக் கோருங்கள்.