கைடு வாங்கும் முன் அட்டையைப் படியுங்கள்

ஜூன் மாதம் ஒரு கைடு கடையில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். "பிளஸ் டூ கம்ப்யூட்டர் கைடு ஒண்ணு குடுங்க" என்று ஓர் அப்பா கேட்பார். "எந்தக் கம்ப்யூட்டர் சார்?" என்பார் கடைக்காரர். அப்பா விழிப்பார், மகளுக்கு போன் போகும், மகள் வகுப்பில் இருப்பாள். கடைசியில் ஏதோ ஒன்று பைக்குள் போகும்.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் ஒன்றல்ல, மூன்று. சயின்ஸ் குரூப்புக்குக் கணினி அறிவியல். பிளஸ் டூவில் அது பெரும்பாலும் பைத்தான் என்ற நிரல்மொழி. காமர்ஸ் குரூப்புக்குக் கணினிப் பயன்பாடுகள். அதில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், இணையதள நிரல்மொழியான பி.எச்.பி. எல்லாம் வரும். தொழிற்கல்விப் பிரிவுக்குக் கணினித் தொழில்நுட்பம். தாவரவியலிலும் இதே கூத்துதான். உயிரியல் எடுத்தவர்களுக்கு 'உயிரி-தாவரவியல்', 'உயிரி-விலங்கியல்' என இரண்டு புத்தகம், தேர்வில் தலா 35 மதிப்பெண். 'உயிரி' என்ற முன்னொட்டு இல்லாத தாவரவியல் வேறு பாடம், தனியாக 70 மதிப்பெண் தேர்வு. கணிதத்துக்கும் வணிகக் கணிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லவே வேண்டாம். பாடத்தின் முழுப் பெயரையும் தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமா என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்த தவறு, பழைய புத்தகக் கடையில் நடப்பது. பழையது வாங்குவதில் குற்றமே இல்லை, நானும் அப்படிப் படித்தவன்தான். ஆனால் இப்போதைய பிளஸ் டூ பாடநூல்கள் 2019-20இல் வந்தவை. அதற்கு முந்தையது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீண். அதைவிடப் பெரிய பொறி, கொரோனா காலத்து கைடுகள். 2020-21, 2021-22 இரண்டு ஆண்டுகளிலும் பாடத்திட்டத்தைக் குறைத்திருந்தார்கள். அந்த கைடுகள் பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். உள்ளே சில பாடங்கள் இருக்காது. அதனால் பாடநூலின் பொருளடக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடமாக ஒப்பிட்டு வாங்குங்கள். பாடநூல் என்றால் உள்பக்கத்தில் 'திருத்திய பதிப்பு' ஆண்டுகள் வரிசையாக இருக்கும், கடைசி ஆண்டைப் பாருங்கள்.

சரி, புது கைடு, சரியான பாடம். அது நல்லதா என்று எப்படித் தெரியும்? பலரும் தடிமனைப் பார்த்து வாங்குகிறார்கள். கணிதமா? பிளஸ் டூ முதல் பாடத்தில் கிராமரின் விதிக் கணக்கு ஒன்றைத் திறந்து, அணிக்கோவையை விரித்துக் காட்டியிருக்கிறார்களா, நேராக விடைக்குத் தாவியிருக்கிறார்களா என்று பாருங்கள். தாவினால் அங்கேயே வைத்துவிடுங்கள். ஐந்து மதிப்பெண் கணக்கில் படிகளுக்கும் மதிப்பெண் உண்டு. இயற்பியல், வேதியியலில் படமும் அலகும் சரியாக இருந்தால் போதும். தமிழ், ஆங்கில கைடுகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வகுப்பே ஒரே கட்டுரையை எழுதி வைக்கிறது.

பாடநூலைத் தொடுவதற்கு முன்பே கைடைப் பிரித்துவிடுவதும் தவறுதான். கைடுகள் 'புக் பேக்', அதாவது பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகளில்தான் கவனம் வைக்கும். இயற்பியலில் 70க்கு 15 மதிப்பெண் ஒரு மதிப்பெண் வினாக்கள், அவற்றில் பாடத்துக்குள்ளிருந்தும் வரும். பெட்டிச் செய்தியையும் படத்தின் கீழே உள்ள வரியையும் படிக்காத பிள்ளை அங்கேதான் வழுக்குகிறது. பாடநூல் பிடிஎஃப் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதனால் முதல் மாதம் பாடநூல் மட்டும் போதும், கைடு அப்புறம்.

நீட் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. 720இல் உயிரியலுக்கு மட்டும் 360. அதற்கு மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடநூலை வரிவரியாகப் படிக்காமல் மாநிலப் பாட கைடை மட்டும் நம்பினால் கஷ்டம். நீட் பாடத்திட்டமும் 2024 தேர்வு முதல் மாறிவிட்டது. அண்ணன் வைத்திருந்த 2022 வினா வங்கியில் இப்போது தேவைப்படாத பகுதிகள் இருக்கும். தூக்கிப் போட வேண்டாம், புதிய பாடத்திட்டத்தை வைத்து அந்தப் பக்கங்களைப் பென்சிலால் அடித்துவிட்டு மிச்சத்தைப் போட்டுப் பார்க்கலாம்.