பிரிட்டனில் படிக்கும் பிள்ளை திடீரென வேறு ஆளாக மாறினால்

முதலில் ஒரு வாரம் மகளுக்குத் தலைவலி, லேசான காய்ச்சல். பிறகு தூக்கம் போகிறது. அறைத்தோழி தன்னை வேவு பார்க்கிறாள் என்கிறாள், வீடியோ காலில் காரணமில்லாமல் சிரிக்கிறாள். ஊரில் இதைக் காத்துக் கருப்பு என்பார்கள், அங்கே கஞ்சாவைச் சந்தேகிப்பார்கள். இரண்டும் இல்லாமல் என்எம்டிஏ ஏற்பி மூளை அழற்சியாக இருக்கலாம். கிருமியோடு போராட உடம்பு சுரக்கும் எதிர்ப்புப் புரதமே, மூளை செல்களில் செய்தி வாங்கும் ஏற்பிகளைத் தாக்கும் நோய் இது. 2007இல்தான் நரம்பியல் மருத்துவர் டால்மௌவின் குழுவினர் இதை அடையாளம் கண்டார்கள். இளம்பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதிகம் வருகிறது.

பெற்றோர் ஊரிலிருந்தே செய்யக்கூடிய பெரிய உதவி, பிள்ளையின் பேச்சைக் கவனிப்பது. அவள் தமிழ் குழறுவது அங்குள்ள நர்ஸுக்குத் தெரியாது. இரண்டு மாதத்துக்கு முந்தைய வாட்ஸ்அப் குரல் பதிவையும் நேற்றையதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சொன்ன சொல்லையே திரும்பச் சொல்கிறாளா, வாக்கியம் பாதியில் நிற்கிறதா, பேச்சே குறைந்துவிட்டதா? இரண்டு பதிவையும் டாக்டருக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கூடவே ஒரே பக்கத்தில் தேதிவாரியாக எழுதி அனுப்புங்கள்: காய்ச்சல், தூக்கம், சந்தேகம், பேச்சு, வாய் தானாகக் கோணுவது, வலிப்பு. போதைப்பொருள் பற்றிக் கேட்டால் கோபப்படாமல் தெரிந்ததைச் சொல்லிவிடுங்கள். அது வழக்கமான கேள்விதான்.

வலிப்பு வந்தால் கூட இருப்பவர் கடிகாரம் பார்க்க வேண்டும். தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கையில் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது. முதல் வலிப்பு என்றாலோ 5 நிமிடம் தாண்டினாலோ அவசர எண் 999ஐ அழைக்க வேண்டும்.

மனநோய் என்று முடிவு கட்டி, இங்கிலாந்து, வேல்ஸ் மனநலச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் 28 நாள் வரை ஆஸ்பத்திரியில் வைத்துவிடுவதில்தான் பெரும்பாலும் காலம் வீணாகிறது. "இதற்கு முன் இப்படி இருந்ததே இல்லை, மூளை அழற்சி இல்லை என்று உறுதி செய்துவிட்டீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். 18 வயதானால் மகளின் அனுமதியின்றி உங்களுக்குத் தகவல் சொல்லத் தயங்குவார்கள். நீங்கள் சொல்வதைக் கேட்க எந்தத் தடையும் இல்லை. ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் கட்டணம் கிடையாது.

எம்ஆர்ஐ சரியாக இருக்கிறது என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். இந்த நோயில் பலருக்கு அது சாதாரணமாகவே இருக்கும். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இஇஜி பெரும்பாலும் மாறியிருக்கும். தீர்மானிப்பது முதுகுத் தண்டு நீர். எதிர்ப்புப் புரதத்தை அந்த நீரிலும் ரத்தத்திலும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரத்தத்தை மட்டும் பார்த்தால் சிலருக்குத் தப்பிவிடும். பெண்ணாக இருந்தால் சினைப்பையில் டெரட்டோமா கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் அவசியம். இருந்தால் அதை எடுப்பதும் சிகிச்சையில் சேர்த்தி. மனநோய் மருந்து கொடுத்தபின் உடம்பு விறைத்துக் காய்ச்சல் ஏறினால் உடனே சொல்லுங்கள், இந்த நோயாளிகளுக்கு அந்த மருந்துகள் சில நேரம் ஒத்துக்கொள்வதில்லை.

சிகிச்சையில் வழக்கமாக மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 1 கிராம், 3 முதல் 5 நாள். கூடவே இம்யூனோகுளோபுலின் (தானமாகப் பெற்ற ரத்தத்தின் எதிர்ப்புப் புரதம்), உடல் எடையில் கிலோவுக்கு மொத்தம் 2 கிராம், அல்லது பிளாஸ்மா மாற்றம், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றுவது. இதற்கும் நோய் குறையவில்லை என்றால் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து. 2013இல் வெளியான 577 பேர் ஆய்வில், இரண்டு ஆண்டுக்குள் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஆனால் மாதக்கணக்காகும், ஞாபகமும் நிதானமும் கடைசியில்தான் திரும்பும்.

ஆகவே தேர்வுக்கு அவசரப்படுத்தாதீர்கள். பல்கலைக்கழகத்திடம் அனுமதித்த விடுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். வராமலே இருந்தால் விசாவுக்கு ஆபத்து. விசாவோடு கட்டிய மருத்துவக் கட்டணம் என்எச்எஸ் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் கிளம்ப வேண்டுமென்றால், சேர்த்த தேதியும் நிலைமையும் எழுதிய டாக்டர் கடிதத்தை விசிட்டர் விசா மனுவோடு வையுங்கள்.