மனநோயுடன் முதுமை அடைபவரை வீட்டில் பராமரிப்பது எப்படி?

இளம் வயதில் மனச்சிதைவு நோய்க்கோ, மிகை உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்கோ மாத்திரை எடுக்கத் தொடங்கிய ஒருவர் அறுபது வயதைக் கடக்கும்போதும், குடும்பத்தாரின் கவனம் பெரும்பாலும் பழைய இடத்திலேயே நின்றிருக்கும். காதில் குரல் கேட்கிறதா, யார்மீதாவது சந்தேகப்படுகிறாரா, இரவில் உறங்கினாரா என்பவற்றைக் கூர்ந்து பார்ப்பவர்கள், அந்த வயதில் புதிதாகச் சேரும் சர்க்கரை, இரத்த அழுத்தம், மலச்சிக்கல், நடைத் தடுமாற்றம் ஆகியவற்றை "அவருக்கு எப்போதும் இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். மருத்துவமனையிலும் இதே நிலைதான். நெஞ்சு வலிக்கிறது என்று அவர் சொன்னாலும், மனநலப் பிரிவின் பழைய சீட்டைப் பார்த்தபின் அந்த வலிக்கு உரிய கவனம் பல நேரங்களில் கிடைப்பதில்லை. ஆகவே, அவருடைய உடலுக்காகப் பேசுவதே பராமரிப்பவரின் முதல் வேலை.

அதற்கு ஒரு தாள் போதும். எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும், அவை எப்போது தொடங்கப்பட்டன என்பதும், ஒவ்வாமை இருந்தால் அதுவும், கடைசியாகச் செய்த இரத்தப் பரிசோதனை முடிவுகளும் அதில் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் ஓரிடத்திலும் சர்க்கரைக்குப் பார்ப்பவர் வேறிடத்திலும் இருக்க, ஒருவர் எழுதித் தருவது மற்றவருக்குத் தெரியாமலே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. எந்த மருத்துவரிடம் போனாலும் இந்தத் தாளையும் மாத்திரைப் பையையும் மேசையில் வைத்து, "இவற்றில் இனித் தேவையில்லாதது ஏதும் உண்டா?" என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது கேட்க வேண்டும்.

குறிப்பாக, ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மாத்திரையைப் பற்றிக் கேட்க வேண்டும். மனநோய் மருந்துகளால் வரும் கை நடுக்கத்துக்கும் தசை இறுக்கத்துக்கும் என்று எப்போதோ சேர்க்கப்பட்ட இந்த மாத்திரை, அந்தத் தேவை தீர்ந்த பிறகும் சீட்டிலிருந்து சீட்டுக்கு நகலாகிக்கொண்டே வருவதுண்டு. முதியவர்களுக்கு இது வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மறதி, குழப்பம் ஆகியவற்றைத் தரக்கூடும். அந்த மறதியை வயதின் மேல் போட்டுவிட்டு நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். ஆனால் இதையோ வேறு எந்த மாத்திரையையோ வீட்டாரே நிறுத்திவிடக் கூடாது. குறைப்பதென்றால் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இருமுனைக் கோளாறுக்குத் தரப்படும் லித்தியம் எடுப்பவருக்குத் தனிக் கவனம் தேவை. உடலுக்கு வேண்டிய அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவான மருந்து அது. சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம் வயதோடு குறைவதால், பல ஆண்டுகள் ஒத்துக்கொண்ட அதே அளவு இப்போது மிகையாகிவிடலாம். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும் இரத்தத்தில் லித்தியத்தின் அளவை ஏற்றும். கோடை வியர்வை, வயிற்றுப்போக்கு, உப்பைத் திடீரென்று குறைப்பது ஆகியவையும் அப்படியே. கை நடுக்கம் கூடுவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, வாந்தி எடுப்பது ஆகியவற்றைக் கண்டால், அடுத்த வேளை மாத்திரையை மட்டும் கொடுக்காமல் (வீட்டாரே நிறுத்தக் கூடாது என்பதற்கு இது விதிவிலக்கு) உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று லித்தியம் அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நலமாக இருக்கும்போதும் லித்தியம் அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டு ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் க்ளோசாபின் எடுப்பவருக்கு இரத்த வெள்ளணு எண்ணிக்கையைத் தவறாமல் பார்ப்பது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியும். அந்த மருந்தால் வரும் மலச்சிக்கல் குடலடைப்பாகி உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. இரண்டு மூன்று நாள் மலம் கழிக்கவில்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். பீடி, சிகரெட் புகைப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரத்தத்தில் க்ளோசாபின் அளவு ஏறும். புகையை விடுவது நல்லதுதான். மருத்துவருக்குச் சொல்லிவிட்டு விட வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாதம் ஒரு முறை எடை. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி.; இரத்த அழுத்தத்தை உட்கார்ந்தபடி ஒரு முறையும் எழுந்து நின்றபின் ஒரு முறையும். எழுந்ததும் அழுத்தம் சரிகிறது என்றால், அவர் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழப் பழக வேண்டும். கண்ணையும் காதையும் மறந்துவிடக் கூடாது: காது மந்தமானவருக்கு அடுத்த அறையில் பேசுவது தன்னைப் பற்றியது என்று தோன்றுவது எளிது. அந்தச் சந்தேகத்துக்கு மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது மலிவான வழி.

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே நினைவில் கொள்ள முடியுமென்றால், அது இதுவாக இருக்கட்டும். காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் நேரமும் இடமும் தெரியாமல் உளறினால், அல்லது ஓரிரு நாளில் வழக்கத்துக்கு மாறாக மந்தமாகிப் போனால், அதைப் பழைய நோய் முற்றியதாகக் கொள்ளக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, சர்க்கரை இறங்குவது, சிறுநீர் அடைப்பு, விழுந்து தலையில் பட்ட அடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பின்னால் இருக்கலாம். அன்றே பொது மருத்துவப் பிரிவின் அவசர சிகிச்சைக்கு அழைத்துச் சென்று, "இந்த மாற்றம் நேற்றுவரை இல்லை" என்று அழுத்திச் சொல்ல வேண்டும். கடும் காய்ச்சலோடு உடல் விறைத்து நினைவு தடுமாறினால், அது மனநோய் மருந்தால் வரும் அரிய, ஆபத்தான விளைவாக இருக்கக்கூடும். சிறிதும் காத்திருக்கக் கூடாது.

அன்றாட வாழ்க்கையில் பெரிய மாற்றங்கள் தேவைப்படுவதில்லை. குளியலறையிலும் கழிப்பறையிலும் சுவரில் கைப்பிடிக் கம்பி, இரவில் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை மங்கலான விளக்கு, வழுக்காத செருப்பு ஆகியவை விழுவதைக் குறைக்கும். மனநோய் மருந்துகள் விழுங்கும் தசைகளையும் மந்தமாக்குவதால், நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு சிறு கவளங்களாக, அவசரமில்லாமல் சாப்பிடச் சொல்ல வேண்டும். சப்பாத்தியையும் ரொட்டியையும் குழம்பில் ஊற வைத்துக் கொடுப்பது நல்லது. குளிக்கவும் உடை மாற்றவும் அவராக எழுந்து வராததைச் சோம்பல் என்று திட்டுவதில் பயனில்லை, ஏனெனில் எதையும் தொடங்க முடியாமல் இருப்பதே இந்த நோயின் ஒரு பகுதி. "குளித்து, துணி மாற்றி, சாப்பிட வாங்க" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லாமல், "துண்டை எடுத்துக்கோங்க" என்று ஒன்றைச் சொல்லிக் காத்திருந்தால் பெரும்பாலும் நடக்கும். வெங்காயம் உரிப்பது, பால் வாங்கி வருவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று அவருக்கென்று ஒரு வேலையும், கைச்செலவுக்குச் சிறு தொகையும் இருக்க வேண்டும்.

மாத்திரையைச் சாம்பாரிலோ காப்பியிலோ தெரியாமல் கலந்து கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. களைத்துப்போன குடும்பத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை; ஆனாலும் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது, ஒரு நாள் அவர் கண்டுபிடித்துவிட்டால் அதன்பின் சாப்பாட்டையே நம்ப மாட்டார். ஏன் மறுக்கிறார் என்று கேட்டு, அதை மருத்துவரிடம் கொண்டுபோவதே நல்லது. இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு முறை போடும் ஊசி சிலருக்கு ஏற்றதாக இருக்கும்.

இனி, பெற்றோர் எல்லோரும் கேட்கத் தயங்கும் கேள்விக்கு வருவோம்: எனக்குப் பின் யார்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் மனநோயும் ஒன்று; 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று சான்றிதழ் பெற்றால்தான் பல உதவிகளுக்கு விண்ணப்பிக்க முடியும். அரசு ஓய்வூதியம் பெறும் பெற்றோர், சம்பாதிக்க இயலாத மகனுக்கோ மகளுக்கோ வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் கிடைப்பதற்கான ஆவணங்களைத் தாங்கள் இருக்கும்போதே கொடுத்துவைக்க வேண்டும்; பின்னால் உடன்பிறந்தவர்கள் அலைவது மிகக் கடினம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு போன்றவற்றுக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன் கீழ்ப் பாதுகாவலர் நியமனம் மனநோய்க்குப் பொருந்தாது என்பதை அறியாமல் பலர் அங்கே போய்த் திரும்புகிறார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி, சிகிச்சை முடிவுகளில் துணை நிற்க அவரே தமக்கு ஒரு பிரதிநிதியை வெற்றுத் தாளில் எழுதிக் கையொப்பமோ கைரேகையோ இட்டு நியமிக்கலாம். அவர் தெளிவாக இருக்கும் காலத்தில் இதைச் செய்துவிட வேண்டும். ஐயம் வந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மனநலக் காப்பு இல்லத்தில் சேர்ப்பதென்றால், அது மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேட்டு, சொல்லாமல் ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை இன்று சட்டமே தடை செய்கிறது. வீட்டிலேயே இருக்கப் போகிறார் என்றால், பின்னால் பொறுப்பேற்கப் போகும் தம்பியோ அக்கா மகளோ, இப்போது பராமரிக்கும் அம்மா நலமாக இருக்கும் இந்த நாட்களிலேயே மாதாந்தர மருத்துவமனைப் பயணத்துக்கு உடன் வரத் தொடங்கட்டும்.