சமமான சுமையிலும் சூடேறிய நியூட்ரல்

எங்கள் வணிக வளாகத்தின் மின்பகிர்வுப் பெட்டியில், விளக்குகளும் கணினிகளும் ஒருசேர இயங்கும் மாலை வேளைகளில் மட்டும் கருகும் வாடை வந்தது. எம்சிபிக்களை (மின்னோட்டம் மிகுந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்சுகளை) மாற்றியும், திருகுகளை இறுக்கியும் பயனில்லை. மின்சாரம் வரும் மூன்று பேஸ் வயர்களிலும் மின்னோட்டம் சமமாக இருந்ததால், அவை திரும்பும் பொது வயரான நியூட்ரலில் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று எண்ணி, அதை எவரும் சந்தேகிக்கவில்லை. தொழில்முறை ஆய்வாளர் முழுச் சுமையில் எடுத்த வெப்பப்படத்திலோ, அந்த நியூட்ரல் வயர்தான் கொதித்துக்கொண்டிருந்தது. கணினிகளும் எல்இடி விளக்குகளும் உண்டாக்கும் 150 ஹெர்ட்ஸ் மூன்றாம் ஹார்மோனிக் ஓட்டங்கள் (அடிப்படை அதிர்வெண்ணின் மும்மடங்கில் ஓடுபவை), 50 ஹெர்ட்ஸ் அடிப்படை ஓட்டங்களைப் போல ஒன்றையொன்று ஈடுசெய்யாமல் நியூட்ரலில் கூடிவிடுகின்றன. வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் அதைக் குறைத்துக் காட்டும் என்பதால், சிதைந்த அலைவடிவ ஓட்டத்தையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரால் அளப்பது அவசியம். நியூட்ரலை இருமடங்கு பருமனுள்ள வயராக மாற்றியதும் சூடும் வாடையும் அடங்கின, பெரும் நிம்மதி. விடுமுறை நாளில், சுமையில்லாத கட்டடத்தில் இந்த ஆய்வைச் செய்தால் எதுவும் தென்படாது.